திரு இருதயத்தின் பிளக்

தீக்கோயி
செப்டம்பர் 1

அன்புள்ள ஆல்பின் சேட்டா,

ஈசோவுக்கு ஸ்துதி. உனக்கு முன்பே இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் செமினாரி ரெக்டரச்சனுக்கும் ஸ்துதி. அச்சா, கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும்.

அண்ணனான உன்னைத்தான் சேட்டா என்று கூப்பிடுகிறோம். சேட்டை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அம்மா நலம். குறிஞ்ஞி நலம், அவளுக்கு மத்தி மீன் சரியாகக் கிடைக்கவில்லை என்ற ஒரு பூனைக்கவலையைத் தவிர. நலமில்லாதது நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். ஆன் செய்தால் உள்ளே யாரோ கோபத்தோடு மேசையைத் தட்டுவதுபோல 'டக், டக்' என்கிறது. சில நாள் திறக்கிறது. சில நாள் நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தவம் இருக்கிறது. பாஸ்வேர்டை நானே கண்டுபிடித்தேன். அது ஒரு பெண்ணின் பெயர். அச்சா, பதற வேண்டாம். எங்கள் பழைய பசு அது.

சாச்சனின் ஜபம் அதில்தான் இருக்கிறது, சேட்டா. வேறு எங்கும் இல்லை. பதிவு செய்த என் போன் கிணற்றில் விழுந்து ஞானஸ்நானம் பெற்றது உனக்குத் தெரியும்.

ரெக்டரச்சனுக்குத் தெரியாதே, அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பா பேபிச்சன், நாங்கள் சாச்சன் என்போம், தினமும் ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்லுவார். பாதி அவர் சொல்ல, மீதிப் பாதியை நாங்கள் சொல்ல வேண்டும். அவருடைய பாதியில் மாதாவுக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் வீட்டு நிர்வாகத்துக்கும் உண்டு. ஞாயிறு வேதபாட வகுப்பில் போட்டுக் காட்டிச் சிரிக்கலாம் என்று, நான் ஒரு நாள் இயேசுவின் திரு இருதயப் படத்தின் பின்னால் போனை ஒளித்து வைத்துப் பதிவு செய்தேன்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே... எடி ஆனி, பூனை மத்தியைத் தூக்குது பாரு... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே... போ பூனே!"

ஆனி என்பது அம்மா. இப்படியே முழு ஜெபமாலையும். வகுப்பில் போடவே இல்லை. அந்த வாரம்தான் சாச்சன் நெஞ்சுவலியில் போனார். அவருடைய குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் 'டக், டக்' என்று தட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். படங்கள், அம்மாவின் கல்யாண வீடியோ, கொஞ்சம் சினிமா (ஆன்மிகச் சினிமா, அச்சா). எப்படிச் செய்வது? நீ இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன், உன் தலையில் கட்டிவிட்டு டிவி பார்த்திருப்பேன். நீ இல்லை. எனவே எழுது.

உன் டெல்னா


செமினாரி
செப்டம்பர் 12

எடி டெல்னா,

ரெக்டரச்சன் உன் கடிதத்தை மேசையில் வைத்து, "யாருடா இது, உன் பெங்ஙளா, தங்கச்சியா? இவளை மடத்துல சேர்த்தா மடம் தாங்காது" என்றார். நானும் சிரித்தேன். பிறகு சாச்சனைப் பற்றிய பத்தியை ரொம்ப நேரம் மடித்தே வைத்திருந்தேன்.

தட்டும் சத்தம் கேட்கும் ஹார்ட் டிஸ்குக்கு ஆயுசு குறைவு. சும்மா சும்மா ஆன் செய்து பார்க்காதே. ஒவ்வொரு முறையும் அதன் மூச்சில் கொஞ்சம் செலவாகிறது. முதலில் எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு, அப்புறம் ஒரே ஒரு முறை ஆன் செய். முதலில் சாச்சனின் ஜபத்தை எடு. அடுத்து படங்கள். உன் ஆன்மிகச் சினிமா கடைசியில்.

பரணில் என் பழைய லேப்டாப் இருக்கிறது. பேட்டரி செத்தது, திரையும் உடைந்தது, ஆனால் சர்வருக்குத் திரை தேவையில்லை, அது யாரையும் பார்க்க வேண்டியதில்லை. அம்மாவிடம் புதிய டிஸ்க் இரண்டு வாங்கச் சொல். ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் தானாக எழுதும்படி அமைக்கலாம், ஒன்று போனால் மற்றது நிற்கும். எப்படி அமைப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ராவுத்தரின் கம்ப்யூட்டர் கடையில் அந்தத் தாளைக் காட்டினால் பையன்கள் உதவுவார்கள். அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெட்டுப்போகும். யாரும் தொடாத பிளக்காகப் பார்த்து வை.

முக்கியமாக ஒன்று. இரண்டு டிஸ்கும் ஒரே வீட்டில் இருந்தால் அவை ஒரே நகல் மாதிரிதான். தீயோ திருடனோ இடியோ, வந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கொச்சுராணி ஆன்ட்டி வீட்டு அலமாரியில் வைத்தாலும் போதும்.

நான் அந்த ஜபத்தை அடக்கத்துக்குப் பிறகு கேட்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். நகல் எடுத்துவிட்டாய் என்று மட்டும் எழுது. அதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம்.

அம்மா முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறாளா?

ஆல்பின்


தீக்கோயி
அக்டோபர் 6

சேட்டா,

மீட்பு! மீட்பு! சாச்சன் பத்திரம்.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் தயாராக வைத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பழைய டிஸ்கை ஆன் செய்தேன். 'டக்' என்றது. அம்மா சிலுவை போட்டாள். ஜபக்கோப்பு நகலாகத் தொடங்கியது. முக்கால்வாசியில் நின்றது. நான் நின்றேன். சுவர்க்கடிகாரம்கூட நின்றதாக ஞாபகம். அம்மா முட்டிபோட்டுவிட்டாள். "என்னடி இது, நேர்ச்சை எதுவும் போடணுமா?" என்றாள். "போடு, ஆனா என் தலைமுடிய நேர்ந்துடாதே" என்றேன். திரையில் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. படங்களில் பாதி வந்ததும் பழைய டிஸ்க் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. அதுவும் நல்ல மரணம்தான், ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்துவிட்டுப் போனது.

அதன் பிறகுதான் பிரச்சினை. அம்மாவை உனக்குத் தெரியும். வானம் ஒரு கனைப்பு கனைத்தால் போதும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு முழுக்க பிளக் பிடுங்கப் போய்விடுவாள். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, எதையும் விடமாட்டாள். இப்போது துலாம் மாதத்து மழை முன்கூட்டியே தொடங்கிவிட்டது, மத்தியானத்துக்குப் பிறகு தினமும் இடி. நான் பள்ளியிலிருந்து வந்தால் சர்வர் செத்துக் கிடக்கிறது. "அம்மா, இதைப் பிடுங்காதே" என்றால், "இடிக்கு நீ சொல்லி வை, அது கேட்டா நானும் கேக்கறேன்" என்கிறாள்.

இந்த வீட்டில் அம்மா கை வைக்காத பிளக் எது? யோசித்துப் பார். அச்சா, நீங்களும் யோசியுங்கள்.

ஆம்! திரு இருதயப் படத்தின் சிவப்பு விளக்கு! கல்யாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த அன்று ஏற்றியது, அதை அம்மா ஒரு நாளும் தன் கையால் அணைத்ததில்லை. "கரண்ட் போய் அணைஞ்சா அது கரண்ட் ஆபீஸ்காரங்க பாவம். நாம அணைச்சா நம்ம பாவம்" என்பாள். எனவே சர்வரை அந்தப் படம் இருக்கும் ரூபக்கூட்டின் கீழ்த்தட்டில் வைத்து, ஈசோவின் பிளக்கிலேயே ஒரு கிளை இழுத்துவிட்டேன். இப்போது இடி இடித்தால் அம்மா வீடெல்லாம் சுற்றிவிட்டு அதன் முன்னால் வந்து ஜெபமாலையோடு உட்காருகிறாள். சர்வர் ஈசோவின் காலடியில் பச்சை லைட் மினுங்க ஜாலியாக ஓடுகிறது. இந்த வீட்டில் இப்போது ஓயாத விளக்கு இரண்டு.

இனி உச்சக்கட்டம். அம்மாவிடம் சொல்லாமல் ஒரு ஸ்பீக்கரைப் படத்துக்குப் பின்னால் ஒளித்து, ஏழு மணிக்குத் தானாகவே ஜபம் ஓடும்படி வைத்தேன். ஏழு மணி. அம்மா தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தாள். படத்துக்குப் பின்னாலிருந்து சாச்சன், "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே" என்று தொடங்கினார்.

தட்டு விழும் என்று நினைத்தேன். அம்மா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். முட்டிபோட்டாள். சாச்சன் தன் பாதியைச் சொல்லி முடித்ததும், அம்மா தன் பாதியைச் சொன்னாள். பதிவில் இருக்கும் அவளுடைய பழைய குரலோடு சேர்த்து இப்போதைய குரலும் கேட்டது. "போ பூனே!" என்று சாச்சன் கத்தியபோது நிஜமாகவே குறிஞ்ஞி ஜன்னல் வழியாகப் பாய்ந்து ஓடினாள். அம்மா ஜபத்தின் நடுவில் சிரித்துவிட்டாள், சேட்டா. அம்மா சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று!

இப்போது தினமும் ஏழு மணிக்கு நாங்கள் நாலு பேரும் ஜபம் சொல்கிறோம். நீயும்தான். உன் தூக்கக் குரல் அதில் இருக்கிறது.

டெல்னா


செமினாரி
அக்டோபர் 14

டெல்னா,

பெரிதாகச் சாதித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். இரண்டு காரியத்தில் எனக்குக் கோபம்.

அந்தப் படத்தின் வயரைச் சாச்சன்தான் இழுத்தார். கூரை ஓரமாகப் போய், தென்னைக்குப் பக்கத்தில் சுற்றி வருகிறது. எர்த் கிடையாது. சின்ன பல்பு எரிவதற்கு அது போதும். நீ அதில் இந்த வீட்டிலேயே விலைமதிக்க முடியாத பொருளைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாய். யாரும் தொடாத பிளக் என்று நான்தான் எழுதினேன், ஆனால் இடி தொடாத பிளக் என்று எழுதவில்லை. உடனே அதை அங்கிருந்து எடு. வெளியே வைக்கச் சொன்ன நகலைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இன்னொன்று. கணவனை இழந்த பெண்ணுக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் படத்துக்குப் பின்னாலிருந்து அவன் குரலைப் போடுவது குறும்பு இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அவள் சிரித்தது உன் அதிர்ஷ்டம். தினமும் அதைப் போடவும் வேண்டாம். இல்லாத ஆளோடு தினமும் பேசிக்கொண்டிருந்தால், இருக்கிறவர்களோடு பேச மறந்துபோகும்.

என்ன இருக்கிறது என்று எழுத வேண்டாம் என்றுதானே கேட்டேன்?

ஆல்பின்


தீக்கோயி
அக்டோபர் 19

பெருமதிப்புக்குரிய வருங்கால அச்சன் அவர்களுக்கு,

இருக்கிறவர்களோடு பேச வேண்டும் என்கிறீர்கள். இருக்கிறவர் யார்? கணக்கெடுத்தேன். நான், அம்மா, பூனை.

சாச்சன் போன மறு வருஷம் நீ போனாய். ஏழு மணிக்கு அம்மா முட்டிபோட்டு, யார் தொடங்குவார் என்று இடதுபக்கம் பார்ப்பாள். அங்கே சுவர்தான் இருக்கும். பிறகு அவளே தொடங்கி, பாதியில் எந்தப் பாதி தன்னுடையது என்று மறந்து நின்றுவிடுவாள். ஒரு வருஷம் இதைப் பார்த்தவள் நான். நீ அங்கே நூறு பேரோடு பாட்டாகப் பாடி ஜபம் சொல்கிறாய்.

ஏன் அதைக் கேட்கமாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். அச்சனும் தெரிந்துகொள்ளட்டும். பதிவின் முடிவில், இவன் ஜபத்தில் தூங்கி வழிகிறான். சாச்சன் சொல்கிறார்: "செமினாரிக்குப் போறவன் தூங்குற தூக்கத்தைப் பாரு. இவன் போயிட்டா இந்த வீட்ல ஜபம் யாருடி சொல்றது, ஆனி?" அம்மா பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான். அத்தோடு பதிவு முடிந்துவிடும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் உனக்கு அந்த முழு ஜபமும் வேண்டாம்.

பிளக்கை மாற்றமாட்டேன். வேறு எங்கே வைத்தாலும் அம்மா பிடுங்கிவிடுவாள். வெளியே ஒரு நகல் வேண்டுமாம்! இந்த வீட்டுக்கு வெளியே இருக்கும் நகல் நீதான். ஆனால் உன்னை எந்தப் பட்டனை அழுத்தி ஓட வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

டெல்னா


செமினாரி
அக்டோபர் 28

கொச்சே, எங்கள் கடைக்குட்டியே,

இந்த முறை ரெக்டரச்சன் சிரிக்காமல் கடிதத்தைக் கொடுத்தார். "உடனே பதில் எழுதாதடா. முதல்ல நல்லா அடி வாங்கிக்கோ, அப்புறம் எழுது" என்றார். வாங்கிக்கொண்டேன். இன்னும் வலிக்கிறது.

வெளியே இருக்கும் நகல் நான்தான் என்றாய். அப்படியென்றால் அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். எல்லாமே இருக்கிறது, டெல்னா. ஒரு எழுத்துகூட அழியவில்லை. இணைத்திருக்கும் தாள்களில் முழுவதும் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் மட்டும் இங்கே பார்:

"...கர்த்தர் உம்முடனே. எடி ஆனி, பூனை மத்தியைத் தூக்குது பாரு. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே. போ பூனே! உம்முடைய திருவயிற்றின் கனியாகிய... டெல்னா, ஏன்டி அந்தப் படத்தையே பாக்குற, அதுக்குப் பின்னால என்ன இருக்கு?... ஈசோவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே..."

ஜெபமாலையின் மூன்றாம் தேவ ரகசியத்தில் இருமல். நாலாவதில், பால் சொசைட்டிக்குக் காலையில் யார் போவது என்ற விவாதம். ஐந்தாவதில் என் குறட்டை.

முடிவில் வரும் கேள்வியை மட்டும் எழுதவில்லை. அது உன்னிடமே இருக்கட்டும். அதற்குப் பதில் தேடாமல்தான் போனேன். சாச்சன் கேட்டது விளையாட்டாக இருக்கலாம். அந்த வாரமே அவர் போனதும் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

பிளக்கைப் பற்றி மறுபடியும் கெஞ்சுகிறேன். நான் சொன்னதாக அம்மாவிடம் சொல், இடி வந்தால் ஈசோவையும் பிடுங்கச் சொல்.

உன் சேட்டா


தீக்கோயி
நவம்பர் 9

சேட்டா,

முதலில் இதைப் படி: எல்லோரும் நலம். அப்புறம் மற்றதைப் படி.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பாதி வீம்பு. மீதிப் பாதி, சொன்னால் மட்டும் அம்மா ஈசோவை அணைப்பாளா என்ற எண்ணம்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியில் இருந்தேன். மத்தியானம் நாலு பக்கமும் இருண்டு ஒரு இடி விழுந்தது பார், பிசிக்ஸ் மிஸ்ஸே மேசைக்கடியில் போய்விட்டாள். எங்கள் பக்கம்தான் விழுந்தது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஓடி வந்தேன். தென்னை உச்சியிலிருந்து நடுவரை பிளந்து புகைந்துகொண்டிருந்தது. உள்ளே போனால் ரூபக்கூட்டுச் சுவர் ஒரே கரி. திரு இருதயத்தின் விளக்கு சூட்டில் வெடித்துச் சிதறியிருந்தது, பிளக்பாயிண்ட் உருகித் தொங்கியது. ஈசோவின் படத்து ஓரம்கூடப் பொசுங்கியிருந்தது. சர்வர் இருந்த தட்டு காலி.

அம்மா கட்டிலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை. போர்வைக்குள் சர்வர். குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எல்லா பிளக்கும் பிடுங்கிட்டு ஜெபமாலையோட உட்கார்ந்தேன்டி. இந்தப் பெட்டி கண்ண மினுக்கிட்டே இருந்துச்சு. நான் ஈசோவப் பார்த்தேன். அவரு என்னப் பார்த்தாரு. அடுத்த இடி பக்கத்துல விழுந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. 'கோவிச்சுக்காத ஈசோயே, நீ செத்தாலும் மூணாம் நாள் எழுந்திரிப்ப. இவரு எழுந்திரிக்க மாட்டாரு'ன்னு சொல்லிட்டுப் பிடுங்கிட்டேன். பின்னால ஸ்பீக்கர் வால் ஒண்ணு இருந்துச்சே, அதையும் பிடுங்கிட்டேன். தூக்கிட்டு இந்த ரூமுக்குள்ள வர்றதுக்குள்ள விழுந்துச்சு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அணைக்காத விளக்கு, சேட்டா! சாச்சனுக்காக அணைத்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள் (பூசைக்குப் போகும் பள்ளி, அதாவது சர்ச், என் பள்ளிக்கூடம் இல்லை). வந்து அவளே சொன்னாள், விகாரியச்சன் முதலில் பாவமன்னிப்பு தந்தாராம். அப்புறம், "ஈசோ இருட்டுக்குப் பயப்படுற ஆளு இல்ல ஆனியம்மே. புது பல்பு வாங்கி மாட்டு" என்றாராம். பிராயச்சித்தம் எதுவும் தராததில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்தரத்தைப் பற்றி. ஊரிலேயே கரண்ட் இல்லை. சர்வர் பிழைத்ததா என்று பார்க்கவும் வழி இல்லை. ஏழு மணி ஆயிற்று. அம்மா பழக்கத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு முட்டிபோட்டாள். கரிப்பிடித்த ஈசோவைப் பார்த்தாள். பிறகு இடதுபக்கம் பார்த்தாள்.

எனக்கு உன் தாள்கள் ஞாபகம் வந்தன. எடுத்து வந்து, சாச்சன் மாதிரி தொண்டையைச் செருமி, அவர் பாதியைப் படிக்கத் தொடங்கினேன். பூனை, மத்தி, இருமல், பால் சொசைட்டி, ஒன்றையும் விடவில்லை. அம்மா தன் பாதியைத் தப்பில்லாமல் சொன்னாள். "போ பூனே!" என்று நான் கத்தியதைக் குறிஞ்ஞி மதிக்கவே இல்லை, அது வேறு விஷயம். உன் குறட்டையையும் நானே விட்டேன். நீ எழுதாமல் விட்ட வரி வந்ததும் தாள் முடிந்துவிட்டது. பிறகு தாள் இல்லாமலேயே சொன்னேன்: "இவன் போயிட்டா இந்த வீட்ல ஜபம் யாருடி சொல்றது, ஆனி?"

பதிவில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். உனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குச் சொன்னாள். மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே, சாச்சன் எதிரில் இருப்பது மாதிரி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அவன் போகட்டும் பேபிச்சா. இங்க கொச்சு இருக்கா. இவ சொல்லுவா."

நான் அழுததை ரெக்டரச்சன் வெளியே சொல்லக்கூடாது. இதைப் பாவசங்கீர்த்தனக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்தது. சர்வர் கண்ணைத் திறந்தது. சாச்சன் பத்திரம், இரண்டு டிஸ்கிலும். இப்போது அதை எர்த் உள்ள பிளக்குக்கு மாற்றியாயிற்று. இன்னொரு நகல் கொச்சுராணி ஆன்ட்டி வீட்டு அலமாரியில், அவருடைய கல்யாணப் புடவைக்கு நடுவில் தூங்குகிறது. உன் தாள்கள் ரூபக்கூட்டில், சர்வர் இருந்த தட்டில் இருக்கின்றன. இடி வந்தால் அம்மா எல்லா பிளக்கையும் பிடுங்குகிறாள், புது பல்பு உட்பட. ஈசோவிடம் முன்கூட்டியே மன்னிப்பும் கேட்டுவிடுகிறாள். வாரத்துக்கு ஒரு நாள் பதிவு, மற்ற நாளெல்லாம் நான். சர்வர் செத்தாலும் இருந்தாலும் ஏழு மணிக்கு ஜபம் தொடங்கிவிடும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பயப்படாமல் வா. கேட்க வேண்டிய கேள்விக்கு அம்மா பதில் சொல்லிவிட்டாள். நீ முட்டிபோட்டு உன் பாதியைச் சொன்னால் போதும்.

தூங்காதே. நானும் திட்டுவேன்.

டெல்னா